பார்த்தால் அடையாளம் காட்டுவேன்

பதினொன்று பத்துக்கு உள்ளே போன பவுனம்மா இன்னும் வரவில்லை, இப்போது மணி பதினொன்று முப்பத்தைந்து. இருபத்தைந்து நிமிஷம் ஒரு பெரிய நேரமா என்ன, நீதிபதி நிதானமான மனுஷர் என்கிறார்கள், குற்றம் சாட்டப்பட்டவனைப் போலவே உயரமும் நிறமுமாக ஏழெட்டுக் கைதிகளைப் பொறுக்கி வரிசையில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் நிற்கிறாய் என்று அவனையே கேட்க வேண்டும், சட்டையை மாற்றிக்கொள்கிறாயா என்று கேட்க வேண்டும், அத்தனையையும் தன் கையால் எழுத வேண்டும், அதற்கப்புறம்தான் சாட்சியைக் கூப்பிட வேண்டும். அடையாள அணிவகுப்பு என்று பெயர். பெயரைக் கேட்டால் குடியரசு தினத்துக்குக் கடற்கரைச் சாலையில் நடப்பது மாதிரி இருக்கும். வழக்கை விசாரிக்கிற இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது, சட்டம் அப்படி, அதனால் ஜெயில் வாசலுக்கு எதிரே ஜீப் நிழலில் நிற்கிறேன், நிழலாவது நிழல், முட்டிக்குக் கீழேதான் விழுகிறது. டிரைவர் டீ குடிக்கப் போனவன் போனவன்தான். பவுனம்மா வரிசையில் நடந்துபோய் அவன் தோளைத் தொட வேண்டும், தொட்டால் வழக்கு அவன் மேல் உறுதியாகிவிடும், நான்தான் தொடச் சொன்னேன், மூன்று நாளைக்கு முன்னால் அவள் கூழ் வண்டியில் நின்று பக்குவமாகச் சொன்னேன், இப்போது அவள் தொடக் கூடாது என்று இங்கே நின்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். யாரிடம் வேண்டுகிறேன் என்றும் தெரியவில்லை. என்ன பிழைப்பு இது.

தொடாமல் வந்துவிட்டால் நல்லது, வேறொன்றும் வேண்டாம், இல்லீங்க ஐயா இதுல அந்த ஆளு இல்லீங்க என்று ஒரு வரி சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தால் போதும், என் மேல் பழி இல்லை, சாட்சி சொல்லவில்லை நான் என்ன செய்யட்டும் சார் என்று மேலே சொல்லிவிடலாம். சட்டசபை கூடப்போகிற மாதத்தில் தலைநகரத்தில் மூன்று பெட்ரோல் குண்டு. முதலில் இந்தக் கட்சிக் கவுன்சிலரின் கார், மறு வாரம் அந்தக் கட்சி மன்றத்தின் கூரை, மூன்றாவது என் எல்லையில், எங்கள் மார்க்கெட் ரோட்டில் இருக்கிற, மறுபடியும் இந்தக் கட்சியின், வட்ட அலுவலகம். காலை ஆறரை மணி. உள்ளே மாசிலாமணி என்கிற பெரியவர், அலுவலகத்தைப் பெருக்கி, பேப்பர் வாங்கிப் போட்டு, கொடியேற்றுகிறவர், பெஞ்சு மேல் உட்கார்ந்து ஷேவிங் பண்ணிக்கொண்டிருந்தார். பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். பாட்டில் ஜன்னல் வழியாகப் போனது. நான் போய்ச் சேர்ந்தபோது சுவரில் தலைவர்கள் படமெல்லாம் கருகிக் கீழே கிடந்தது, அரைக் கன்னத்தில் சோப்பு நுரையோடு பெரியவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த நுரை போவேனா என்கிறது. காபி குடிக்க டம்ளரை எடுத்தால் மேலே நுரை, அப்படியே வைத்துவிடுகிறேன், வீட்டில் என்ன ஆச்சு உங்களுக்கு என்கிறாள், ஒன்றுமில்லை அசிடிட்டி என்கிறேன்.

எதிரே கூழ் வண்டி. பவுனம்மா அப்போதுதான் பானையை இறக்கி மோர்மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாளாம். அவள் பார்த்திருக்கிறாள், சும்மா இல்லை, நன்றாகவே பார்த்திருக்கிறாள். பாட்டில் வீசியவன் முந்தின இரண்டு நாளும் அவளிடம் வந்து கூழ் குடித்துவிட்டுப் போனவன். இருபத்தைந்து வயதுக்குள்ளே இருப்பான் சார், முன்னால முடியில செம்பட்டை அடிச்சுனு இருந்தான், வெங்காயம் இன்னும் கொஞ்சம் வைம்மான்னு கேட்டான், நானும் வெச்சேனே பாவி என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள். இவ்வளவையும் என்னிடம் சொன்னாள், நான் தலையாட்டிக் கேட்டேன், வாக்குமூலத்தில் என்ன எழுதினேன்? அடையாளம் தெரியாத இரண்டு நபர்கள், பார்த்தால் அடையாளம் காட்டுவேன். அவ்வளவுதான். முடியையும் எழுதவில்லை, வயதையும் எழுதவில்லை, வெங்காயத்தையும் எழுதவில்லை. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை அப்போது, சத்தியமாக இல்லை, முப்பது வருஷமாக எழுதுகிற வரி, கை தானாக எழுதும். அரசியல் கேஸ் என்றால் வர்ணனை எழுதாதே, நாளைக்கு யார் வருவான் என்று உனக்குத் தெரியுமா என்று என் முதல் ஸ்டேஷனில் ரைட்டர் சொல்லிக்கொடுத்தார். செம்பட்டை முடி என்று எழுதிவிட்டால் நாளைக்கு வழுக்கைத் தலைக்காரன் வந்து நிற்கும்போது நீ என்ன செய்வாய்? அந்தக் காலத்தில் விழுந்து விழுந்து சிரித்தோம் இதற்கு.

வந்தான் அல்லவா. நாலாவது நாள். அந்த நாலு நாளில் மெடிக்கல் ஷாப் கேமராவில் பைக் நம்பர் கிடைத்திருந்தது எனக்கு, முழு நம்பர், யார் பேரில் இருக்கிறது என்றும் தெரிந்துவிட்டது, அந்தக் கட்சியின் பகுதிச் செயலாளருடைய மச்சான் நடத்துகிற ஜிம், அதில் வேலை பார்க்கிற பையன், போட்டோவையும் பார்த்தேன், முன்முடியில் செம்பட்டை. ஆள் வைத்துத் தூக்கலாம் என்று கிளம்பும்போது அந்தக் கட்சிப் பக்கமிருந்து போன். வணக்கம் சார், நம்ம ஆளு ஒருத்தர் உணர்ச்சிவசப்பட்டு இப்படிப் பண்ணிட்டாராம், மனசு கேக்காம கோர்ட்ல சரண்டராகுறாரு, பாத்து எடுத்துக்குங்க. இவ்வளவுதான் பேச்சு. இந்த ஊரில் இதற்கு ஒரு முறை இருக்கிறது, குண்டு போட்டவன் வேறு ஊருக்குப் போய்விடுவான், கொடி கட்டுகிறவன் நூறு கிலோமீட்டர் தள்ளி ஏதாவது ஒரு கோர்ட்டில் போய் நான்தான் செய்தேன் என்று நிற்பான், இரண்டு மாதத்தில் ஜாமீன், மூன்று வருஷத்தில் சாட்சிகள் பல்டி, விடுதலை. இரண்டு கட்சிக்கும் இதே வழிதான். முந்தின இரண்டு கேஸும் இப்படித்தான் முடிந்தது, யாரும் சாகவில்லை, யாரும் அழவில்லை. அதனால் நானும் ஜிம் பையனின் போட்டோவை மடித்து மேஜை டிராயரில் போட்டேன். மேலே துணைக் கமிஷனருக்குப் போன் செய்தேன். வெரி குட் குமரகுரு, ஃபாஸ்ட்டா முடிச்சிட்டீங்க என்றார். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆமாம், இருந்தது, இல்லை என்று இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது.

வந்தவன் பெயர் தேசிங்கு. நாற்பத்தொரு வயது, மைக் செட் போடுகிறவன், கூட்டம் நடந்தால் கம்பம் நடுவான், டியூப் லைட் கட்டுவான். கோர்ட் வராந்தாவில் பார்த்தேன், வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டு உடுத்தி வந்திருந்தான், கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். நீதான் போட்டியாடா என்றேன், ஆமா சார் என்றான், பாட்டில்ல என்ன ஊத்தின என்றேன், கொஞ்ச நேரம் யோசித்து மண்ணெண்ணெய் சார் என்றான். தடயவியல் ரிப்போர்ட்டில் பெட்ரோல். அடப் போய்யா என்று வந்துவிட்டது எனக்கு, பெட்ரோல்னு சொல்லு என்றேன், சரி சார் பெட்ரோல் என்றான், இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்துக்கூட விட்டோம். அப்புறம் அவனாகவே சொன்னான், சார், ரெண்டு மாசம்தான்னு சொல்லிக்கீறாங்க, பொண்ணுக்கு நர்சிங் காலேஜுல சீட்டு வாங்கித் தரேன்னு பகுதி, அதான் சார் செயலாளரு, வாக்குக் குடுத்துக்கீறாரு, ஆடி கழிச்சு சேக்கணும், அதுக்குள்ள வெளிய வந்துட்டா நானே கொண்டு போய் உட்டுடுவேன். வந்துடலாம் வந்துடலாம் என்றேன். தோளில் தட்டினேனா? தட்டினேன் என்றுதான் நினைக்கிறேன். எதற்காகத் தட்டினேன், அதுவும் வேறு.

ஒன்பதாவது நாள் சாயந்திரம் மாசிலாமணி செத்துப்போனார். பர்ன்ஸ் வார்டில் தேறிக்கொண்டு வருகிறார் என்றுதான் சொன்னார்கள், இட்லி கேட்டாராம், திடீரென்று சிறுநீரகம் நின்றுவிட்டதாம். நான் போய்ப் பார்த்தபோது வாய் திறந்தபடி இருந்தது. தீ வைத்தல், காயம் என்று இருந்த வழக்கைக் கொலை என்று மாற்றி நேற்றுக் காலை கோர்ட்டுக்கு அறிக்கை அனுப்பினேன், என் கையெழுத்து, என் சீல், கீழே தேதி. இரண்டு மாதம் என்பதெல்லாம் அந்த நிமிஷத்தோடு முடிந்தது. ஜாமீன் லேசில் கிடைக்காது, செத்தவரின் கட்சி விடாது, சாட்சி பல்டி அடிக்க விடமாட்டார்கள், பெரிய வக்கீல் வைப்பார்கள், இது ஆயுளில் போய் நிற்கிற கேஸ். தேசிங்குக்கு இது தெரியாது. புதிதாக வந்தவர்களைத் தனியாக வைத்திருக்கிற பிளாக்கில் இருக்கிறான், பேப்பரும் கிடையாது டிவியும் கிடையாது, வெள்ளிக்கிழமை காவலை நீட்டிக்கும்போது வீடியோ ஸ்கிரீனில் நீதிபதி பிரிவைப் படிக்கையில்தான் தெரிந்துகொள்வான். இன்று செவ்வாய். செவ்வாய், புதன், வியாழன். மூன்று நாள் நிம்மதியாகத் தூங்குவான். நான் தூங்கி எத்தனை நாள் ஆகிறது?

அப்போதும் விட்டிருக்கலாம். அணிவகுப்புக்கு நாள் குறித்த பிறகும்கூட, சாட்சியை அவள் பாட்டுக்கு விட்டிருந்தால் அவள் பாட்டுக்கு இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருப்பாள். ஆனால் நான் போனேன், சனிக்கிழமை, பெரியவர் அப்போது உயிரோடுதான் இருந்தார், அதையும் சொல்ல வேண்டும், அவர் செத்தது ஞாயிற்றுக்கிழமை, கொலை கேஸ் என்று தெரிந்து நான் செய்யவில்லை. கூழ் ஒரு சொம்பு வாங்கிக் குடித்தேன், போனில் தேசிங்கு போட்டோவை எடுத்து வண்டிப் பலகை மேல் வைத்தேன். எல்லா இன்ஸ்பெக்டரும் செய்கிறதுதான், கண்ணில் காட்டுவது என்று சொல்வோம். கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். இவன் இல்லியே சார், இன்னா சார் நீ, நான் சொன்னேனே, சின்ன வயசு, செம்பட்டை முடி என்றாள். நான் கோபிக்கவில்லை. பவுனம்மா, பொகையில உனக்குத் தெரிஞ்சிருக்காது, இவன் கூட வந்தவன், இவன் மாட்டினாத்தான் இவனை வெச்சு மேல இருக்கிறவனைப் பிடிக்க முடியும், மாசிலாமணிக்காகச் செய்யி என்றேன். மார்க்கெட் ரோட்டில் வண்டி போட அவளுக்கு அந்த இடத்தை வாங்கிக்கொடுத்ததே மாசிலாமணிதான், எனக்குத் தெரியும், தெரிந்துதான் அந்தப் பேரை எடுத்தேன். அவள் கொஞ்ச நேரம் கரண்டியால் பானையைக் கிண்டிக்கொண்டிருந்தாள். நீ சொன்னா சரி சார், ஒரு வாரமா என் வண்டியாண்ட போலீஸ்காரரை நிறுத்தி வெச்சுக்கீற, எவனும் வந்து மெரட்டல, நீ தப்பா சொல்லுவியா என்றாள். நான் தப்பாகச் சொல்வேனா என்று கேட்டாள். சொம்பில் மிச்சம் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

பதினொன்று நாற்பத்தாறு. மனு போட்டுக் கைதிகளைப் பார்க்க வந்தவர்கள் வாசலில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், பிளாஸ்டிக் பையில் பிஸ்கட், வாழைப்பழம், மடித்த லுங்கி. அதில் ஒருத்தி எழுந்து வருகிறாள், என்னைப் பார்த்துத்தான் வருகிறாள், அய்யோ, தேசிங்கு பெண்டாட்டி சுகந்தி. ஜீப்பின் அந்தப் பக்கம் போய்விடலாமா என்று பார்த்தேன், அதற்குள் வந்துவிட்டாள். வணக்கம் சார், அவரை அடிக்காம அனுப்பிச்சீங்களாம், சொன்னாரு, ரொம்ப நன்றி சார் என்றாள். பரவாயில்லம்மா என்றேன். சார், ஆஸ்பத்திரில இருந்த அந்தப் பெரியவரு தவறிட்டாராமே, கேசுக்கு அதனால ஒண்ணும் ஆகாதுன்னு பகுதி சொன்னாரு, அவராண்டையும் இப்ப சொல்ல வேணாம், மனசு ஒடிஞ்சி பூடுவாருன்னாரு, இன்னிக்கு மனுல நான் சொல்லப்போறதில்ல சார், செரிதானே? நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். ஆகும்மா, எல்லாம் ஆகும், ஓடிப்போய் ஒரு வக்கீலைப் பாரு, அந்தப் பகுதிச் செயலாளர் கட்சி வக்கீல் வேண்டாம், வேறு யாரையாவது பாரு, உன் புருஷனை வாயைத் திறந்து உண்மையைச் சொல்லச் சொல்லு, இது அத்தனையும் தொண்டை வரைக்கும் வந்தது. ம் என்றேன். வேறொன்றும் இல்லை, ம். அவள் கும்பிட்டுவிட்டுப் போய் வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் பெண், பதினேழு பதினெட்டு இருக்கும், ஏதோ தடிப் புத்தகத்தை மடியில் வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறது. தலையை நிமிர்த்தவே இல்லை அது.

போன் அடிக்கிறது. துணைக் கமிஷனர். என்ன குமரகுரு, முடிஞ்சுதா? உள்ள நடந்துக்கிட்டிருக்கு சார். சாட்சி ஸ்டெடியா? ஸ்டெடி சார். குட், சாயந்திரம் பிரஸ்ஸுக்குச் சொல்லணும். வைத்துவிட்டார். ஸ்டெடி என்று எவ்வளவு சுலபமாக வருகிறது வாயில், நாக்குக்கு ஒரு வலியும் இல்லை. காலையில் நீதிபதி காரை விட்டு இறங்கும்போது சல்யூட் அடித்தேன், நின்று என் முகத்தைப் பார்த்தார், எனி திங் எல்ஸ் இன்ஸ்பெக்டர் என்று கேட்டார், வழக்கமாகக் கேட்கிறதுதான். இருந்தது சார். போட்டோவைக் காட்டிவிட்டேன் சார், இந்த அணிவகுப்பு செல்லாது சார், பைக் நம்பர் என் டிராயரில் இருக்கிறது சார். ஒரு நிமிஷம்கூட ஆகாது சொல்வதற்கு. சொன்னால் சஸ்பென்ஷன், விசாரணை, ரிட்டயராக இன்னும் பதினான்கு மாதம், அதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், பெரியவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம். நத்திங் சார் என்றேன். ஆக, நான் பொய்யனாகவே இருந்துகொள்வேன், பவுனம்மா மட்டும் உண்மையைச் சொல்ல வேண்டும். படிக்காதவள், நாளெல்லாம் வெயிலில் நிற்கிறவள், அவள் வந்து எனக்காக யோக்கியமாக இருக்க வேண்டும். நல்லா இருக்குடா உன் நியாயம். ஆனாலும் அவள் தொட மாட்டாள், மனசு சொல்கிறது, போட்டோவைப் பார்த்ததுமே இல்லை என்று சொன்னவள்தானே, நேரில் முகத்தைப் பார்த்தால் கை வராது, இவ்வளவு நேரம் ஆகிறது என்றால் தயங்குகிறாள் என்றுதான் அர்த்தம், தயங்கினால் தொட மாட்டாள், தாயே, தொடாதே, திரும்பி வந்துவிடு.

பன்னிரண்டு ஐந்துக்கு சின்னக் கதவு திறந்தது. பவுனம்மா குனிந்து வெளியே வந்தாள், புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள், என்னைத் தேடினாள். நான் அசையவில்லை. அவளே நடந்து வந்தாள்.

“தண்ணி இருக்குதா சார்?”

பாட்டிலைக் கொடுத்தேன். அண்ணாந்து பாதி பாட்டிலைக் குடித்தாள்.

“என்னம்மா, இல்லன்னு சொல்லிட்டியா?” என்றேன். குரல் எனக்கே கேவலமாக இருந்தது, கெஞ்சுகிற மாதிரி.

“அப்பிடித்தான் சார் சொல்லலாம்னு இருந்தேன், கோச்சிக்காத. மொத தபா வரிசையில போய்ட்டு வந்தேன், கை எழும்பல. ரெண்டாந்தபாவும் எழும்பல. செய்யாதவன் மேல எப்பிடி சார் கைய வெக்கிறது? ஜட்ஜய்யா சொன்னாரு, அவசரமில்லம்மா, இல்லன்னா இல்லன்னு சொல்லுன்னாரு. சரி, சொல்லிடலாம்னு திரும்பறேன், அந்த ஆளு என்னையே பாத்துனு நிக்கிறான். ஜட்ஜய்யா குனிஞ்சு எழுதிக்கினு இருந்தாரு. இவன் இத்தினூண்டு முன்னால வந்தான் சார், அரை அடிகூட இருக்காது. உதட்ட மட்டும் அசைச்சான். நான்தாம்மான்னு.”

“என்ன?”

“நான்தாம்மா, நான்தாம்மான்னு ரெண்டு தபா. எங்க நான் உட்டுடுவேனோன்னு அவனுக்கு அவ்ளோ பயம் சார், கண்ணெல்லாம் கலங்கிப்போச்சு. அவனே சொல்லும்போது நான் யாரு சார் இல்லங்கிறதுக்கு? தொட்டுட்டேன். தொட்டதும் அப்பாடான்னு மூச்சு உட்டான் சார்.”

வாசலில் ஒரு வார்டர் மனு சீட்டைப் படித்துக்கொண்டிருந்தான். சுகந்தி பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள், பெண்ணும் புத்தகத்தை மூடி எழுந்தது. இருவரும் உள்ளே போகிறதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பவுனம்மா பாட்டில் மூடியைத் திருகியபடி என் முகத்தைப் பார்த்தாள்.

“சார், ஒண்ணு கேக்கட்டுமா? மாசிலாமணி அண்ணன் செத்துட்டாருன்னு அந்த ஆளுக்குத் தெரியுமா?”

“தெரியும்மா,” என்றேன்.

“தெரிஞ்சுமா முன்னால வந்து நின்னான்?”

“தெரிஞ்சுதான்,” என்று சொல்லி, அவள் ஏறுவதற்கு ஜீப் கதவைத் திறந்துவிட்டேன்.